ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு

திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். ஊரின் பெயரே கிராமம். அங்குள்ள சிவன் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 36-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவன் வெள்ளங்குமரன். இளவரசன் ராஜாதித்தனின் படைத்தலைவன், கேரளத்துக்காரன். ராஜாதித்தன் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடியே மாண்டதற்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம் அது.

சோழர் கல்வெட்டு பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்வதோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. கலியுக ஆண்டு 4044 என்கிறது. அதோடும் விடாமல், கலி பிறந்த நாள் தொட்டு இது எத்தனையாவது நாள் என்றும் சொல்கிறது: 14,77,037. கிழமை, சனி. கி.மு. 3102 பிப்ரவரி 18-ஐ முதல் நாளாக வைத்து இன்றைக்கு நாம் எண்ணிப் பார்த்தாலும் கி.பி. 943 ஜனவரி 14-இல்தான் போய் நிற்கிறது. அன்றைக்குச் சனிக்கிழமையேதான். பதினான்கு லட்சத்துச் சொச்சம் நாளில் ஒரு நாள் பிசகவில்லை. பராந்தகன் பட்டத்துக்கு வந்தது 907-இல் என்று வரலாற்றாசிரியர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு இந்தக் கல்வெட்டே பெருந்துணை. சோழர் காலவரிசை முழுவதையும் கட்டி நிறுத்திய முளைகளில் ஒன்று நம் விழுப்புரத்துப் பக்கம் அடித்த முளை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தச் சனிக்கிழமை உலகத்துக்கு எத்தனை வயது என்று கான்ஸ்டான்டிநோபிளில் ஓர் எழுத்தரைக் கேட்டிருந்தால் 6451 என்று எழுதியிருப்பார். உரோமையில் புனித ஜெரோமின் கணக்கைப் பின்பற்றிய ஒருவர் 6142 என்றிருப்பார். இங்கிலாந்தின் மடம் ஒன்றில் பீடுவின் நூலைப் படித்த துறவி 4895 என்றிருப்பார். மூவரும் ஒரே வேதாகமத்தைப் படித்தவர்கள், ஒரே படைப்பிலிருந்து எண்ணியவர்கள். பிறகு எப்படி ஆயிரத்தைந்நூறு ஆண்டு வித்தியாசம்? இந்த இதழில் சொல்லப்போவது அந்தக் கதைதான். அது முடியும் இடமும் நம் மாவட்டமே.

முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கு ஆண்டுக் கணக்கே தேவைப்படவில்லை. ஆண்டவர் தங்கள் வாழ்நாளிலேயே திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ கி.பி. 50-இல் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய திருமுகத்தைப் படித்தால் அந்தக் காத்திருப்பின் தவிப்பு புரியும். அவர் வருவதற்குள் எங்கள் உறவினர் சிலர் இறந்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன என்பது அந்த மக்களின் கேள்வி. வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. உழைத்துச் சாப்பிடுங்கள் என்று சபைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு தலைமுறை போயிற்று, மூன்று போயிற்று. 70-இல் எருசலேம் கோயில் இடிந்தது. உலகம் முடியவில்லை. அப்போதுதான் எண்கள் உள்ளே வருகின்றன. கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள் போல என்ற எண்ணம் யூத வேதத்திலேயே இருந்தது. அவர் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். அப்படியானால் உலகத்துக்கு ஆறு நாள் ஆயுள், அதாவது ஆறாயிரம் ஆண்டு. ஏழாவது ஆயிரம், ஓய்வின் காலம், கிறிஸ்துவின் அரசு. பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய திருமுகத்தில் இந்தக் கணக்கு தெளிவாக இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் பெரிய ஆசிரியரான இரேனியுவும் இதை ஏற்றார்.

ஆறாயிரம் என்பது சரி, இப்போது எந்த ஆண்டில் இருக்கிறோம்? அதைச் சொல்ல ஆதாமிலிருந்து எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கியதற்கு உலக முடிவு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கிரேக்கரும் உரோமரும் இவர்களைப் பார்த்து, உங்கள் மதம் நேற்று முளைத்தது என்றார்கள். அந்தக் காலத்தில் அது கடும் பழி. பழையதற்கே மதிப்பு. அந்தியோக்கியாவின் ஆயர் தியோபிலுஸ், ஏறத்தாழ 180-இல் உட்கார்ந்து, ஆதாம் முதல் தம் காலத்துப் பேரரசர் வரை 5695 ஆண்டு என்று கூட்டிக் காட்டினார். மோசே ஹோமரைவிட மூத்தவர் என்று நிறுவுவதே அவர் நோக்கம். எங்கள் மொழி எத்தனை பழையது என்று மேடை மேடையாக வாதிடும் நமக்கு அந்த வேகம் அந்நியமானதல்ல. சிறுமைப்படுத்தப்பட்ட கூட்டம் தன் தொன்மையைத் தேடிப் போவது எங்கும் நடப்பது.

அதை முறையான நூலாகச் செய்தவர் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ். 221 வாக்கில் ஐந்து பாகங்களில் உலகக் காலவரிசை எழுதினார். யூத, கிரேக்க, எகிப்திய, பாரசீக அரசர்களின் வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அவர் கணக்கில் கிறிஸ்து உலகில் தோன்றியது 5500-ஐ ஒட்டிய ஆண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பே, 204 வாக்கில், தானியேல் நூலுக்கு உரை எழுதிய இப்போலித்துவும் அதே எண்ணைச் சொல்லியிருந்தார். அவர் காட்டிய சான்று விநோதமானது. உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. கூட்டினால் ஐந்தரை. அந்தப் பெட்டி கிறிஸ்துவைக் குறிக்கிறது, ஆகவே ஐந்தரை ஆயிரம் ஆண்டு கழிந்து அவர் வந்தார்.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் இப்போலித்து ஏன் இதை எழுதினார் என்று பாருங்கள். அதே உரையில் தம் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சிரியாவில் ஒரு சபைத் தலைவர், ஆண்டவர் பாலைவனத்துக்கு வருகிறார் என்று நம்பி, சபையாரைப் பெண்டு பிள்ளைகளோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலையிலும் காட்டிலும் அலைந்தார்கள். கொள்ளைக் கூட்டம் என்று நினைத்து ஆளுநரின் படை அவர்களைப் பிடிக்க இருந்தது. ஆளுநரின் மனைவி கிறிஸ்தவப் பெண். அவர் சொல்லித்தான் தப்பினார்கள். இன்னொருவர் கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டுக்காரர். கனவு கண்டார், இன்னும் ஓராண்டில் நியாயத்தீர்ப்பு என்றார். மக்கள் அழுதார்கள், இரவும் பகலும் செபித்தார்கள், நிலத்தைப் போட்டது போட்டபடி விட்டார்கள், சொத்தை விற்றார்கள். ஆண்டு கழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை விற்றுத் தின்றுவிட்டு ஆடி மழையில் கொல்லையைப் பார்த்து நிற்கிறவன் நிலைதான் அவர்களுக்கு. விற்றவர்கள் கடைசியில் பிச்சைக்கு நின்றார்கள் என்று இப்போலித்து எழுதுகிறார்.

அவர்களைப் பார்த்துத்தான் அவர் அந்தக் கணக்கைச் சொன்னார். கிறிஸ்து வந்தது 5500-இல், இப்போது கடந்திருப்பது இருநூறு, இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இருக்கிறது, போய் உழுங்கள். ஆறாயிரம் என்ற எண் அவர் கையில் பயமுறுத்த வரவில்லை. பயந்தவர்களை நிலத்துக்குத் திருப்பி அனுப்ப வந்தது. இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஆனால் தாத்தாவுக்கு ஆறுதலாக இருந்த எண் பேரனுக்கு அச்சமாகிவிடும். 397-இல் வட ஆப்பிரிக்காவின் ஹிலாரியானுஸ் என்ற ஆயர், இன்னும் 101 ஆண்டுதான் மீதி என்று எழுதிவிட்டார்.

பொந்து நாட்டில் நடந்ததற்கு நெருங்கிய ஒன்று நமக்கு அருகிலேயே பிற்காலத்தில் நடந்தது. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ராமய்யன், 1861-இல் திருவிதாங்கூரில் திருமுழுக்குப் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனார். வித்வான் குட்டி என்று பெயர் பெற்ற பெரும் புலமையாளர், ஆங்கிலிக்கச் சபைக் குருவானவர். திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற கிறிஸ்தவப் போதகரைச் சுற்றி எழுந்த எழுப்புதல் அலை 1870-களில் திருவிதாங்கூருக்குள் போனபோது அதில் முன்னின்றார். 1875-இல், இன்னும் ஆறே ஆண்டில், 1881-இல் கிறிஸ்து வருவார் என்ற அறிவிப்பு அங்கே எழுந்தது. அதை நம்பியவர்களை ஊரார் ஆறு வருடக்காரர்கள் என்றே அழைத்தார்கள். 1881 வந்து போயிற்று. யுயோமயம் என்ற பெயரில் ஒரு சிறு சபை மிஞ்சியது. ஆனால் அவர் இயற்றிய மலையாளப் பாடல்களை இன்றும் பல சபைகள் பாடுகின்றன. அவ்வளவு கல்வியும் பக்தியும் உள்ளவர் ஒரு தேதியில் போய்ச் சிக்கியதை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

பழைய கணக்குக்குத் திரும்புவோம். 6000 முடிவது கி.பி. 500-இல். அதற்கு நூறாண்டு முன்பே திருச்சபையின் அறிஞர்கள் விழித்துக்கொண்டார்கள். செசரியாவின் எவுசேபியு எல்லா அரசர் வரிசைகளையும் மறுபடி ஆராய்ந்து எண்ணைக் குறைத்திருந்தார். 380 வாக்கில் ஜெரோம் அதை இலத்தீனில் கொண்டுவந்தார். கிறிஸ்து வரையிலான காலம் 5199 ஆயிற்று. ஒரே வீச்சில் மூன்று நூற்றாண்டு அவகாசம் கிடைத்தது.

அகுஸ்தீன் இன்னும் துணிந்தார். எண்ணவே எண்ணாதீர்கள் என்றார். ஆயிரம் என்பது முழுமையின் அடையாளம், நாட்காட்டி அல்ல. முடிவு எப்போது என்பது மனிதன் அறிய வேண்டியதல்ல. விரல்களை மடக்கிக் கணக்குப் போடுவோர் அந்த விரல்களைத் தளர்த்திக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. 410-இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டு, மக்கள் இதுதான் முடிவு என்று அலறிய காலத்தில் வந்த நிதானம் அது. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கி.பி. 500 அமைதியாகவே கழிந்தது. அந்த ஆண்டை ஒட்டி இந்தியாவில் இன்னொருவர் கணக்கைக் குறித்து வைத்தார். ஆரியபட்டர், தமக்கு 23 வயதானபோது கலியில் 3600 ஆண்டு கழிந்திருந்தன என்கிறார். அது 499. அங்கே ஓர் உலகம் தன் கடைசி ஆண்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, இங்கே கலியின் 4,32,000 ஆண்டில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அவர்களுக்கு முடிவு பக்கத்தில் இருந்தது, நமக்கு எட்டாத தொலைவில் இருந்தது. நம் பஞ்சாங்கம் அச்சமின்றிக் கலி ஆண்டைத் தலைப்பில் போட்டுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெரோம் கொடுத்த அவகாசமும் தீர்ந்தது. 786-இல் ஸ்பெயின் மலைப்பகுதித் துறவி பேயாத்துஸ், இன்னும் 14 ஆண்டு என்று எழுதினார். அதற்குள் இங்கிலாந்தில் பீடு என்ற துறவி எபிரேய மூலத்தின் எண்களை வைத்துக் கூட்டிப் பார்த்திருந்தார். அவருக்குக் கிறிஸ்து வரை 3952 ஆண்டுதான் வந்தது. இதற்காக 708-இல் அவரைத் திருச்சபைக் கொள்கைக்கு விரோதி என்று சிலர் தூற்றினார்கள். அவர் தம் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. உலகின் வயதை விட்டுவிட்டு, கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. 525-இல் தியோனீசியுஸ் என்ற துறவி தொடங்கிவைத்த முறை அது. நாம் இன்றைக்கு எழுதும் கி.பி. அப்படி வந்தது. கடைசி நாளை எண்ணிய பழக்கம் முதல் நாளை எண்ணும் பழக்கமாக மாறிய இடம் அது.

1650-இல் அயர்லாந்துப் பேராயர் அஷர் மறுபடி கணக்கிட்டு, படைப்பு கி.மு. 4004 அக்டோபர் 23, நோவாவின் வெள்ளம் கி.மு. 2348 என்றார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சிடத் தொடங்கினார்கள். அப்படி அச்சான வேதாகமங்களோடுதான் ஆங்கிலம் பேசிய மிஷனரிகளும் நம் நாட்டுக்கு வந்தார்கள்.

இங்கே வந்ததும் சிக்கல். 4004-ஐ ஏற்றால் கலி பிறந்த 3102 வெள்ளத்துக்கு 754 ஆண்டு முந்தையது. நோவாவுக்கு முன்பே வான்கணக்கா? செஞ்சிச் சீமையிலும் ஆற்காட்டுப் பக்கமும் சுற்றிய பிரெஞ்சு ஏசு சபையினருக்கு இது பெரிய தலைவலி. அவர்களில் பூஷே பாதிரியார், பிரம்மாவில் ஆபிரகாமையும் சரஸ்வதியில் சாராவையும் கண்டு, இந்தியர் மோசேயின் செய்தியையே மாற்றிச் சொல்கிறார்கள் என்று பிரான்சுக்கு எழுதினார். இது புதிய முயற்சியும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதின் அபு மாஷர், கலி தொடங்கிய அதே கி.மு. 3102 பிப்ரவரியில்தான் வெள்ளம் வந்தது என்று இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார்.

1768-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்கு வந்தார் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். 1769 ஜூனில் அந்த நாள் மேகம் மூடிக்கொண்டது. வந்த வேலை பாழ். ஆனால் அந்த இரண்டாண்டில் அவர் தமிழரிடம் வான்கணக்குக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணை 68 வினாடி கூடிவிட்டது. இதை அவர் பாரிசில் எழுதியபோது எழுந்த பரபரப்பைச் சொல்லி மாளாது. 1787-இல் பாயி என்ற வானியலாளர், கி.மு. 3102 கற்பனை அல்ல, உண்மையாகக் கண்ணால் பார்த்துக் குறித்தது என்றே நூல் எழுதினார். அது நிற்கவில்லை. பிற்காலத்தில் பின்னோக்கிக் கணித்துக் கண்ட தொடக்கப் புள்ளிதான் 3102 என்று இன்றைய ஆய்வாளர் கொள்கிறார்கள். ஆனால் வேதாகமத்தின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணையும் கேள்வி கேட்கலாம் என்ற துணிவை ஐரோப்பாவுக்குக் கொடுத்ததில் பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1825-இல் ஜான் வாரன் எழுதிய 'கால சங்கலிதம்' நூலிலும் அப்படி ஒரு பாண்டிச்சேரிக்காரர் வருகிறார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக இருந்த வாய்பாட்டைக் கொண்டு அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிட வித்தியாசத்தில் வந்தது. முடிவு 52 நிமிடம் தவறிற்று. காகிதமே தொடாமல் செய்த கணக்கு அது.

வானத்தைவிட வலுவான சான்று மண்ணுக்குள் கிடந்தது. திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் பாண்டிச்சேரி போகும் பாதையில் திருவக்கரை. வக்கிரகாளியம்மனுக்காகப் பௌர்ணமிதோறும் கூட்டம் நெரியும் ஊர். சம்பந்தர் பாடிய தலம். ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொனரா 1781-இல் இவற்றைப் பற்றி முதன்முதலில் ஐரோப்பாவுக்குச் சொன்னார். வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை.

மரங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. சில அடிமரங்கள் 30 மீட்டர் நீளம். எங்கோ பிடுங்கப்பட்டு வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்து, மரச்சத்து போன இடத்தில் மணற்கல்லின் சிலிக்கா ஊறி நிறைந்திருக்கிறது. நோவாவின் கதையை நம்பிய ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்? மலை மேல் கிடக்கும் கடற்சிப்பிகளைக் காட்டி வெள்ளத்துக்குச் சாட்சி என்று 1800 ஆண்டுக்கு முன்பே தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். திருவக்கரைக்கு அவர் வந்திருந்தால் மண்டியிட்டிருப்பார். அந்தப் பார்வை பாதி சரி; வெள்ளம்தான் கொண்டுவந்தது. ஆனால் அது நடந்து சுமார் 2 கோடி ஆண்டு ஆகிறது.

அங்கிருந்து தெற்கே வழுதாவூர்ப் பக்கம் போனால் காலம் இன்னும் ஆழமாகிறது. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் இருக்கின்றன. 1840-களில் மதராஸ் அரசு அலுவலர்களான கேயும் கன்லிஃபும் இந்தப் பகுதியில் திரட்டியனுப்பியவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய கடல் அது, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமை. வழுதாவூர் என்ற பெயரை உலகத்து நிலவியலாளர்கள் அந்தப் பாறை அடுக்குக்கே வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

ஆறாயிரம் என்ற எண் இந்தக் கற்களின் முன் நிற்காது. அதை எண்ணிய தியோபிலுசும் ஆப்பிரிக்கானுசும் எவுசேபியுவும் பீடுவும் அதனால் சிறியவர்கள் ஆகிவிடவில்லை. கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, முன்னோர் கணக்கில் தவறு இருந்தால் திருத்தி, திருத்தியதற்காக ஏச்சு வாங்கி, மீண்டும் எண்ணியவர்கள். உலக வரலாற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களிடமிருந்து வந்தது. பழிக்க வேண்டியவர்கள் ஏழைகளிடம் நாள் குறித்துச் சொன்னவர்களே. இன்றும் கைபேசியில் அப்படித் தேதி குறித்து வருகிறது. அதை நம்பி வேலையை விடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்: அஷரின் கணக்குப்படி ஆறாயிரம் ஆண்டு 1997 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

திருவக்கரைக் கல்மரப் பூங்கா இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. போகிறவர்கள் ஒரு சில்லைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகளையும் தடுங்கள்.